நிலமறிந்து பறவை தேடியவர்

நிலத்தை ஐந்து திணைகளாகப் பகுத்த தமிழ் இலக்கணம், ஒவ்வொரு திணைக்கும் உரிய பறவையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், முல்லைக்குக் காட்டுக்கோழியும், மருதத்திற்கு நாரையும், நெய்தலுக்குக் கடற்காகமும், பாலைக்குப் பருந்தும் உரியன. நிலத்தை அறிந்தால் பறவையை அறியலாம் என்பது இதன் கருத்து. இக்கருத்தைத் தம் கால்களால் நடந்து மெய்ப்பித்தவர் பறவையியல் அறிஞர் சலீம் அலி.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜி வளர்த்தார். சிறுவயதில் அவர் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. அஃது என்ன பறவை என்பது வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. மாமாவின் அறிவுரைப்படி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் அதனை எடுத்துச் சென்றார். மில்லார்டு அப்பறவையின் பெயரைக் கூறியதோடு, பாடம் செய்யப்பட்ட பறவைகள் பலவற்றையும் காட்டினார். அன்று தொடங்கிய ஆர்வம் இறுதிவரை குறையவில்லை.

ஆர்வம் இருந்தும் வாழ்க்கை எளிதாக அமையவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசின் பறவையியல் பணி அவருக்குக் கிடைக்கவில்லை. மும்பை அருங்காட்சியகத்தில் விளக்குநராகப் பணியாற்றிய அவர், ஜெர்மனிக்குச் சென்று பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930இல் நாடு திரும்பியபோது, பணமில்லை என்னும் காரணத்தால் அவர் வகித்த பதவியே நீக்கப்பட்டிருந்தது. அவர் மனம் தளரவில்லை. கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவிகளைப் பல மாதங்கள் உற்றுநோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டியதும் பெண் குருவிகள் வந்து பார்வையிடும். பிடித்திருந்தால் ஒன்று அக்கூட்டை ஏற்றுக்கொள்ளும். அதன்பின் ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கும். இவ்வுண்மைகளை அவர் கட்டுரையாக வெளியிட்டார்.

அக்காலத்தில் பல பகுதிகளின் பறவைகளைப் பற்றி முழுமையான பதிவுகள் இல்லை. தங்குவதற்கும் பயணத்திற்கும் ஆகும் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால், ஊதியமின்றிக் கணக்கெடுப்பு நடத்தித் தருவதாகச் சலீம் அலி மன்னர்களின் அரசுகளுக்குத் தெரிவித்தார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி ஆகிய அரசுகளில் அவர் இவ்வாறு பணியாற்றினார். மனைவி தெகமினா அவருக்கு உற்ற துணையாக இருந்தார். 1939இல் தெகமினா மறைந்தார். அத்துயரின் நடுவிலும் சலீம் அலி தம் பணியைக் கைவிடவில்லை. அவர் அடுத்து மேற்கொண்டது மைசூர் அரசின் பறவைகள் பற்றிய கணக்கெடுப்பாகும்.

நாம் வாழும் பெங்களூரும் அன்று மைசூர் அரசைச் சேர்ந்ததே. அந்நாட்டில் மேற்கே மழை மிகுந்த மலைக்காடுகள் உள்ளன. கிழக்கே வறண்ட சமவெளியும் பாறைக்குன்றுகளும் உள்ளன. இடையிடையே ஏரிகளும் ஆறுகளும் உள்ளன. மலைக்காட்டுப் பறவையை ஏரியில் தேடினால் கிடைக்காது. எனவே, ஒவ்வொரு வகை நிலத்திலும் முகாமிட்டு, எந்தப் பறவை எங்கு, எந்தப் பருவத்தில், எதனை உண்டு வாழ்கிறது என்று அவர் குறித்தார்.

அப்பயணத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த ரங்கனதிட்டு அவர் கருத்தைக் கவர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் காவிரியின் குறுக்கே கட்டப்பட்ட ஓர் அணையால் அங்குச் சிறு திட்டுகள் உருவாகியிருந்தன. அவற்றில் மருதமும் மூங்கிலும் தாழையும் வளர்ந்திருந்தன. சுற்றிலும் ஓடும் ஆறு, தரைவழி வரும் பகை விலங்குகளைத் தடுத்தது. ஆற்றில் மீனும் அருகிலுள்ள வயல்களில் நத்தையும் கிடைத்தன. அதனால் நாரைகளும் கரண்டிவாயன்களும் நீர்க்காகங்களும் அங்குக் கூடு கட்டின. இவ்விடம் அழிந்தால் பறவைகளும் அழியும் என்பதை உணர்ந்த சலீம் அலி, அதனைப் பாதுகாக்குமாறு மைசூர் மன்னரை வேண்டினார். 1940இல் ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்றும் அங்குப் பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. அத்திட்டுகளைத் தழுவி ஓடும் காவிரியே பின்னர்த் தமிழகத்து வயல்களுக்கும் பாய்கிறது.

1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் எளியவர்க்கும் பறவைகளை அறிமுகம் செய்தது. பின்னர் ரிப்ளே என்னும் அமெரிக்க அறிஞருடன் இணைந்து 10 தொகுதிகள் கொண்ட பெருநூலை உருவாக்கினார். இந்திய அரசு அவருக்கு 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண் விருதுகளை வழங்கியது. 1987இல், தமது 90ஆம் வயதில், அவர் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று இயங்குகிறது.

சலீம் அலியின் வழி நமக்கும் உரியது. பெங்களூரின் ஏரிகளில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீந்துகின்றன. ஹெசரகட்டாப் புல்வெளியில் வானம்பாடிகள் வாழ்கின்றன. குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் வந்து தங்குகின்றன. நந்திமலையின் பாறைச்சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னானைக் காணலாம். ஏரியைத் தூர்த்துவிட்டு, நாமக்கோழியை மரத்தில் வாழச் சொல்ல இயலாது. ஆதலால், பறவையைக் காக்க விரும்புவோர் முதலில் அதன் நிலத்தைக் காக்க வேண்டும்.

சொற்பொருள்

கருப்பொருள் – ஒரு நிலத்திற்கே உரிய தெய்வம், உணவு, விலங்கு, பறவை முதலியன
பாடம் செய்தல் – இறந்த உயிரின் உடல் கெடாதவாறு பக்குவப்படுத்துதல்
திட்டு – ஆற்றின் நடுவே உள்ள மேட்டு நிலம்
தூர்த்தல் – மண்ணிட்டு நிரப்புதல்

பயிற்சி

1. சலீம் அலிக்குப் பறவைகள்மீது ஆர்வம் தோன்றியது எவ்வாறு?
2. ரங்கனதிட்டில் பறவைகள் கூடு கட்டுவதற்குரிய காரணங்கள் யாவை?
3. பிரித்து எழுதுக: நிலமறிந்து, இவ்வுண்மை, மலைக்காடு.
4. உம் வீட்டருகே உள்ள ஏரி, பூங்கா, வெற்றுநிலம் ஆகியவற்றுள் ஒன்றனை ஒரு வாரம் உற்றுநோக்குக. அங்குக் கண்ட பறவைகளின் பெயர்களைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுக.