பிரித்துப் பார்த்த கோவைக்காரர்

காற்றாலைகள் சூழ்ந்த எங்கள் ராதாபுரத்துக்கு விடுமுறையில் வந்த பேரன், தானே பூட்டிய சிறு வானொலிக்கு ரீசார்ஜ் பேட்டரி தேடினான். மலிவானதையே வாங்கச் சொன்னேன். மேலுறையில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. வானொலியோ சில மணி நேரத்தில் ஓய்ந்தது. முப்பதாண்டு பொருளியல் போதித்தவனுக்கு இது நல்ல பாடம். அன்றிரவு ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கையை அவனுக்குச் சொன்னேன்.

1893-இல் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் அவர். பள்ளிப்படிப்பில் மனம் ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவரை ஆட்கொண்டது. உணவு விடுதியில் வேலை பார்த்து, கூலியைச் சேர்த்து அதை விலைக்கு வாங்கினார். வாங்கிய வண்டியை அக்கக்காகக் கழற்றி, மீண்டும் பூட்டி, அது எப்படி ஓடுகிறது என்பதைக் கற்றார். 1920-இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதிலிருந்து பெரும் போக்குவரத்து நிறுவனம் வளர்ந்தது.

1930-களில் அவர் உருவாக்கிய மின்சவரக் கருவி உலர் மின்கலத்தில் இயங்கியது. மண்ணெண்ணெய் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி ஆகியவையும் அவர் ஆக்கங்களே. ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-இல் அறிவித்தார். எளியவர் கைக்கு எட்டும் விலையும் அவருக்குப் பொறியியலின் ஒரு பகுதிதான். பொறியியல் கற்க நான்காண்டு தேவையில்லை என்றும் அவர் வாதிட்டார். கல்லூரி ஆசிரியனான எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஆனால் அச்சிட்ட எழுத்தை நம்புமுன் பொருளைச் சோதிக்க வேண்டும் என்பதை அவரிடமே கற்க வேண்டும். 1974-இல் அவர் மறைந்தார்.

மறுநாள் நாங்களும் சோதித்தோம். லித்தியம் கலத்தைப் பிரித்தால் தீப்பிடிக்கும். ஆகவே நகைக்கடைத் தராசில் எடை போட்டோம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட தரமான கலம் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். அதன் கொள்ளளவும் பெரும்பாலும் 3,500-ஐத் தாண்டாது. எங்களுடையது 30 கிராம்கூட இல்லை.

பிறகு தேவையைக் கணக்கிட்டோம். லித்தியம் அயனிக் கலம் 3.7 வோல்ட் தரும், எடை குறைவு. ஆனால் பாதுகாப்புச் சுற்றும் அதற்கே உரிய சார்ஜரும் வேண்டும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலம் 1.2 வோல்ட்தான், ஆயினும் தவறுகளைச் சற்றுப் பொறுக்கும், பல நூறு முறை மின்னேற்றலாம். பழகும் சிறுவனின் கைக்கு அதுவே ஏற்றது. மூன்றைத் தொடராக இணைத்தோம், 3.6 வோல்ட் கிடைத்தது. விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் அதைப் பயன்படும் தடவைகளால் வகுத்தால், நான் மலிவென்று வாங்கச் சொன்னதே அதிக விலை. நாயுடு காலத்து உலர் மின்கலம் தீர்ந்தால் குப்பைக்குப் போகும். நமக்கோ தேர்வு கிடைத்திருக்கிறது. அளந்து பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.