இடது தோளுக்கு வந்த முந்தானை

எத்னிக் டே நெருங்குது. ஹாஸ்டல்ல இப்பவே புடவை கடன் கேட்கிற படலம் ஆரம்பிச்சாச்சு. புடவை எப்படியும் கிடைச்சிடும். ரூம்மேட்டோட புடவை அஞ்சடி ஒல்லிக்கும் பொருந்தும், ஆறடி உயரத்துக்கும் பொருந்தும். தலைவலி ஜாக்கெட்தான். அவளோட ஜாக்கெட் உங்களுக்குச் சேராது. அதனால ஊருக்கு போன் போட்டு, பீரோவில இருக்கிற அளவு ஜாக்கெட்டைத் தேடி எடுத்து ஒண்ணு தைச்சு அனுப்பும்மா என்று கெஞ்சுவீங்க. போன வருஷம் நானும் கெஞ்சினேன்.

நான் ஆரணிக்காரி. எங்க ஊர்ப் பட்டு காஞ்சிபுரத்தை விட எடை குறைவு, புவிசார் குறியீடு வாங்கியது. தறியில் அஞ்சரை மீட்டர் புடவை நெய்து முடித்ததும், அதோடு சேர்த்தே இன்னும் எண்பது சென்டிமீட்டர் அளவுக்கு ஜாக்கெட் பிட்டும் நெய்துவிடுவார்கள். அந்தப் பிட்டை வெட்டித் தைக்கிற வேலை ஊரில் பாதி வீட்டில் அம்மாக்களுடையது. எங்க அம்மாவும் அப்படித்தான். அவங்களுக்கும் அவங்க தங்கைகளுக்கும் எனக்கும் ஜாக்கெட் எல்லாம் வீட்டு மெஷினில்தான். ஒருநாள் லைனிங் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. புடவை ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கு. அது தைக்காத துணி. ஆனா அதுக்கு உள்ளே போடுகிற இரண்டும், அதாவது ஜாக்கெட்டும் உள்பாவாடையும், தைத்த துணி. இந்த இரண்டும் எப்போது சேர்ந்தது? ஏன் இரண்டுக்குமே இங்கிலீஷ் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

அந்தக் கேள்வியைத் துரத்தப் போய்த்தான் ஞானதானந்தினி தேவியிடம் வந்து சேர்ந்தேன். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணி. நம்ம பாடப்புத்தகத்தில் தாகூருக்கு நாலு பக்கம் இருந்தது, இவருக்கு ஒரு வரிகூட இல்லை. வங்காளத்தில் இவரைத் தெரியாதவர் குறைவு.

1850ல் ஜெசூர் மாவட்டத்தில், இன்றைய வங்காளதேசப் பக்கம், ஒரு கிராமத்தில் பிறந்தார். ஏழெட்டு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை கல்கத்தா ஜோராசாங்கோ தாகூர் வீட்டுப் பிள்ளை சத்யேந்திரநாத். அது ஊர் மாதிரி பெரிய வீடு. ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பெண்கள் கங்கையில் குளிக்கப் போனாலும் மூடிய பல்லக்கிலேயே போவார்கள், பல்லக்கோடு தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்தக் காலத்துப் பெரிய வீடுகளின் வழக்கமே அது.

அந்த வீட்டுக்குள் பெண்கள் உடுத்தியது ஒரே ஒரு மெல்லிய புடவை. ஜாக்கெட் இல்லை, உள்பாவாடை இல்லை. வெளி ஆள் கண்ணில் படவே மாட்டோம் என்றால் அது போதும்தானே. இங்கே கொஞ்சம் நில்லுங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது. வெளியே போகக்கூடாது என்பதால் வெளியே போடும் உடை இல்லை. வெளியே போடும் உடை இல்லாததால் வெளியே போக முடியாது. ஸாஃப்ட்வேர் ஆட்கள் இதை டெட்லாக் என்பார்கள். யாராவது ஒரு பக்கம் உடைத்தால்தான் நகரும்.

கணவர் உடைக்கத் துடித்தார். ஒருமுறை தன் நண்பர் மன்மோகன் கோஷுக்கு மனைவியை அறிமுகப்படுத்த ஆசைப்பட்டார். அந்தப்புரத்துக்குள் அந்நிய ஆண் போக முடியாது. அதனால் இருவரும் இரவில் ஒரே தாளத்தில் காலடி வைத்து, ஒருவர் நடக்கிற மாதிரியே நடந்து உள்ளே போனார்கள். நண்பரைக் கொசுவலைக்குள் விட்டுவிட்டுக் கணவர் படுத்துக்கொண்டார். உள்ளே முக்காடு போட்ட பெண்ணும் பேசவில்லை, வந்தவருக்கும் வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதே தாளத்தில் திரும்ப நடந்து வெளியே போனார்கள். அறிமுகம் முடிந்தது!

1862ல் சத்யேந்திரநாத் லண்டன் போனார், அடுத்த வருஷம் ஐசிஎஸ் தேறினார். அந்தப் பரீட்சையில் தேறிய முதல் இந்தியர் அவர்தான். மனைவியையும் அங்கே அனுப்பச் சொல்லி எழுதினார். அப்பா தேவேந்திரநாத் சம்மதிக்கவில்லை. இங்கே மைத்துனர் ஹேமேந்திரநாத் வீட்டு மருமகள்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். ஞானதானந்தினி முக்காட்டோடு உட்கார்ந்து படித்தார்.

1864ல் கணவர் திரும்பினார், பம்பாய் மாகாணத்தில் வேலை. இம்முறை மனைவியும் உடன் போகலாம் என்று அப்பா ஒப்புக்கொண்டார். சரி, போகலாம். எதை உடுத்திக்கொண்டு?

பதினான்கு வயதுப் பெண். கப்பலில் வெள்ளைக்காரர்கள் இருப்பார்கள், பம்பாயில் கலெக்டர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுப் புடவையோடு அறை வாசலைக்கூடத் தாண்ட முடியாது. கடைசியில் கல்கத்தாவில் இருந்த ஒரு பிரெஞ்சு தையல் கடையில் ஆர்டர் கொடுத்தார்கள். கிழக்கத்திய உடை என்று அவர்கள் கற்பனை பண்ணி ஒன்று தைத்துக் கொடுத்தார்கள். அதைத் தானாகப் போடவே முடியவில்லை, கணவர் உதவி பண்ண வேண்டியிருந்தது. நம்ம பாஷையில் சொன்னால், யூசரைக் கேட்காமல் பண்ணின டிசைன். வீட்டு வாசலிலிருந்து வண்டியில் ஏறிப் போகட்டும் என்று கணவர் சொன்னதும் நடக்கவில்லை. பல்லக்கிலேயே வைத்துக் கப்பல் வரைக்கும் கொண்டுபோனார்கள்.

பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிக்காரர் வீட்டில் சில மாதம் தங்கினார்கள். அந்த வீட்டுப் பெண்கள் படித்தவர்கள், மேஜையில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள், வெளியே போகிறவர்கள். புடவைதான் உடுத்தினார்கள், ஆனால் உள்ளே தைத்த சட்டை போட்டு. ஞானதானந்தினி முதலில் வாயே திறக்கவில்லை. கண் மட்டும் வேலை பார்த்தது. அந்த பிரெஞ்சு உடையைத் தூக்கிப் போட்டார். பார்சிப் பெண்கள் கட்டுகிற முறையை எடுத்துக்கொண்டு, அதில் தனக்கு வேண்டியதை மாற்றினார்.

என்ன மாற்றினார்? பார்சி, குஜராத்திக் கட்டில் முந்தானை வலது தோளில் வரும். இவர் அதை இடது தோளுக்குக் கொண்டுவந்தார். வலது கை சும்மா இருக்கும், வேலை செய்யலாம். உள்ளே ஜாக்கெட்டும் பெட்டிகோட்டும். வேறு ஒன்றுமில்லை. கேட்க எவ்வளவு சின்னதாக இருக்கு பாருங்க. புடவையை ஒரு இஞ்ச் கூட வெட்டவில்லை. தைக்காத துணியைத் தைக்காமலேயே விட்டார், தையலை உள்ளே மட்டும் கொண்டுவந்தார். டெட்லாக் அங்கேதான் விட்டது.

ஆரணியில் நாம் பிளவுஸ் என்று அதிகம் சொல்வதில்லை, ஜாக்கெட் என்போம். என் கிளாஸ்மேட்டுகள் கிண்டல் பண்ணுவார்கள், ஜாக்கெட் என்றால் குளிருக்குப் போடுவது என்று. அப்படிப் பார்த்தால் அந்த வார்த்தை கொஞ்சம் வரலாற்றோடுதான் வந்திருக்கு. அந்தத் தலைமுறைப் பெண்கள் புடவைக்குள் போட்டது நீளக் கை, கழுத்து மூடின சட்டைகள். நிஜமாகவே ஜாக்கெட் மாதிரிதான் இருக்கும். பழைய தாகூர் வீட்டுப் படங்களைப் பாருங்கள், தெரியும்.

1866ல் கல்கத்தா திரும்பினார். வீட்டு மருமகள் வாசலில் வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்து வீட்டில் அழுகுரல் எழுந்ததாம். அதே வருஷம் வைஸ்ராய் லாரன்ஸ் வீட்டு விருந்துக்கும் போனார். அங்கே வந்திருந்த உறவினர் பிரசன்ன குமார் தாகூர், நம்ம வீட்டுப் பெண் இங்கேயா என்று வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டார். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

ஞானதானந்தினி அதோடு நின்றிருந்தால் ஒரு பணக்கார வீட்டு ஃபேஷன் கதையாக முடிந்திருக்கும். அவர் பெண்களுக்கான வாமாபோதினி பத்ரிகாவில் அறிவிப்பு கொடுத்தார். இந்தக் கட்டைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வரலாம், சொல்லித்தருகிறேன் என்று. இப்போதைய பாஷையில் ஓபன் சோர்ஸ். முதலில் பிரம்மசமாஜக் குடும்பத்துப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். அதனால் பிரம்மிகா புடவை என்றே பெயர் வந்தது.

இன்ஸ்டாகிராம் ரீல்களில் இவர்தான் ஜாக்கெட்டைக் கண்டுபிடித்தவர் என்று போடுகிறார்கள். அது அதிகப்படி. தைத்த ரவிக்கை நம் நாட்டில் பல இடங்களில் முன்பே உண்டு. ஆந்திராவின் நிவி கட்டுக்குத் தனி வரலாறு இருக்கு. நம்ம தெற்கிலேயே, திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக அடி வாங்கிப் பல வருஷம் போராடி, 1859ல்தான் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஞானதானந்தினிக்கு வண்டியும் பணமும் ஐசிஎஸ் கணவரும் இருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு அது எதுவும் இல்லை. இதைச் சொல்லாமல் அவரை மட்டும் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் வங்காளத்தில் வீட்டுக்குள் அடைபட்ட ஒரு கூட்டத்துக்கு வெளியே போகும் உடை கிடைத்தது இவரால்தான்.

1877ல் செய்ததுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாதது. மூன்று சின்னக் குழந்தைகள், வயிற்றில் ஒன்று, கணவர் கூட இல்லை. அப்படியே கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். லண்டனில் வரவேற்றவர் ஞானேந்திரமோகன் தாகூர். கிறிஸ்தவராக மாறியதால் அப்பாவால் சொத்தில்லாமல் ஒதுக்கப்பட்டவர். அந்த அப்பா யார் தெரியுமா? விருந்திலிருந்து எழுந்து போன அதே பிரசன்ன குமார். ஆண் துணை இல்லாமல் வந்து நின்றவரைப் பார்த்து ஞானேந்திரமோகனே அசந்துபோனார்.

அங்கே வாழ்க்கை லேசாக இல்லை. வயிற்றிலிருந்த குழந்தை தங்கவில்லை. கடைக்குட்டி கவீந்திரநாத்தும் அந்த ஊரிலேயே இறந்துபோனான். 1878ல் கணவரோடு பதினேழு வயது ரவீந்திரநாத் வந்து சேர்ந்தார். பிரைட்டனில் அண்ணி வீட்டில் மீதி இருந்த இரண்டு குழந்தைகள், சுரேனும் இந்திராவும், அவருக்கு விளையாட்டுத் தோழர்கள்.

ரவீந்திரநாத் பேச்சு வந்ததால் ஒரு தையல் விஷயம். தன் சிறுவயது நினைவுகளில் வீட்டுத் தையல்காரர் நியாமத் கலீபா பற்றி எழுதியிருக்கிறார், சட்டையில் பாக்கெட் வைக்க மறந்துவிடுவார் என்று வருத்தத்தோடு. நோபல் பரிசு வாங்கியவருக்கே பாக்கெட் குறை தீரவில்லை. சுடிதாருக்குப் பாக்கெட் கேட்கிற நாம் தனியாக இல்லை.

1880ல் எல்லாரும் ஊர் திரும்பினார்கள். ஜோராசாங்கோவை விட்டுத் தனி வீடு எடுத்தார் ஞானதானந்தினி. 1885ல் குழந்தைகளுக்காக பாலக் என்ற பத்திரிகை தொடங்கினார். அதில் நிறைய எழுதியவர் ரவீந்திரநாத்தான். ஒரு வருஷத்தில் அது பாரதி பத்திரிகையோடு சேர்ந்துவிட்டது. குழந்தைகளுக்கு நாடகமும் எழுதினார். 1923ல் கணவர் காலமானார். 1941 ஆகஸ்டில் ரவீந்திரநாத், அக்டோபரில் ஞானதானந்தினி. தொண்ணூற்றியொரு வயது. அவர் சொல்லச் சொல்ல மகள் இந்திரா எழுதி வைத்ததால்தான் கொசுவலைக் கதையும் பிரெஞ்சு உடைக் கதையும் நமக்குக் கிடைத்தன.

லீவுக்குப் போனபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மெஷினை நிறுத்தவே இல்லை. பெடலை மிதித்துக்கொண்டே கேட்டாங்க. அந்த மெஷின் உஷா, கல்கத்தாவில் 1930களில் ஆரம்பித்த கம்பெனி என்று நான் சேர்த்துச் சொன்னதற்கும் பெரிய ஆச்சரியம் காட்டவில்லை. லண்டன் போன கதை வந்தபோது மட்டும் கை கொஞ்சம் நின்றது. எங்க அம்மா தனியாகப் போன அதிகபட்ச தூரம் வேலூர். நான் சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்த அன்று அப்பாவுக்கு வேலை இருந்ததால் திரும்பும் பஸ்ஸில் அவங்க தனியாகத்தான் வந்திருக்க வேண்டியது, ஆனா மாமாவைக் கூட்டிக்கொண்டுதான் வந்தாங்க.

நூலைக் கடித்து அறுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. பம்பாயில அந்தப் பொண்ணு முதல்ல போட்ட ஜாக்கெட்டை யாரு தைச்சது, அளவு ஜாக்கெட் இல்லாம எப்படி வெட்டினாங்க என்று. எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அப்புறம் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, தோளுக்குத் தோள் டேப் வைத்து அளந்தாங்க. போன வருஷத்தை விட அரை இஞ்ச் கூடியிருந்தது.