பொறியை ஆண்ட கெட்டரிங்

மோட்டார் எஞ்சினுள் மின்பொறி உரிய கணத்தில் தோன்றல் வேண்டும். மிக முந்தின் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும்; மிகப் பிந்தின் வெப்பம் பெருகிக் கொதிக்கும். முற்கால வண்டிகளில் ஓட்டுவோரே அதனைக் கைப்பிடியால் திருத்தி வந்தனர். அப்பொறியைப் பணிகொண்டோருள் தலைசிறந்தவர் சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர்.

அவர் 1876-ஆம் ஆண்டில் ஒஹாயோ மாகாணத்தில் உழவர் குடியிற் பிறந்தார். கண்ணோயாற் கல்வி தடைப்பட்டும் தளராது, 1904-இல் பொறியியற் பட்டம் பெற்றார். அவர் அமைத்த பாட்டரிப் பொறிமுறை 1910-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியிலும், மின்சாரத் துவக்கி 1912-ஆம் ஆண்டு வண்டியிலும் இடம்பெற்றன. கையாற் சுழற்றுவோர் எலும்பு முறிந்து வருந்திய துன்பம் அதனாற் குறைந்தது.

எனினும் பொறியை வென்றவரை வெப்பம் வென்றது. நீரின்றிக் காற்றாற் குளிருமாறு செப்புத் தகடுகள் பொருத்திய எஞ்சினோடு 1923-இல் ஷெவ்ரலே வண்டிகள் வெளிவந்தன. அவை மிகச் சூடேறின, பொறி எழுமுன்னரே எரிபொருள் பற்றியது, ஆற்றல் குன்றியது. கம்பெனி அவற்றைத் திரும்ப அழைத்தது. கெட்டரிங் பதவி துறக்க முன்வந்தார். தலைவர் ஸ்லோன் அதற்கு இசைந்திலர்.

எஞ்சின் தட்டுதலைப் போக்க அவர்தம் ஆய்வுக்கூடம் 1921-இல் கண்ட ஈய மருந்தோ நஞ்சாயிற்று. 1924-இல் தொழிலாளர் சிலர் அதனால் மாண்டபின்னும் அவர் அதனை ஆதரித்தே நின்றார். 2021-இலேயே அது கார்ப் பெட்ரோலினின்று உலகெங்கும் ஒழிந்தது.

1958-இல் அவர் மறைந்தார். தோல்விக்கு நாணாது பொறுப்பேற்ற அவரது நேர்மையை நம் இளைஞர் கொள்க. ஆக்கிய பொருளின் தீங்கை ஆராயாது காத்த பிழையைத் தள்ளுக.