அல்சருக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போதும்... யார் இந்த ஜேம்ஸ் பிளாக்?

நெஞ்செரிச்சல்னா மெடிக்கல் ஷாப்பில் ஒரு அட்டை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இன்று சாதாரணம். 1970-களின் நடுப்பகுதி வரை நிலைமையே வேறு. அமிலத்தை அப்போதைக்குத் தணிக்கும் மருந்துகள் இருந்தன. ஆனால் குடல்புண் முற்றினால் பலருக்கு ஆபரேஷன்தான். இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள், அல்லது அமிலம் சுரக்கத் தூண்டும் நரம்பைத் துண்டிப்பார்கள். இதை மாற்றியவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக்.

கடனும் சிங்கப்பூரும்

1924-ல் பிறந்த பிளாக், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். படித்து முடித்தபோது கையில் பட்டமும் இருந்தது, தலைக்கு மேல் கடனும் இருந்தது. அதை அடைக்க சிங்கப்பூர் போய் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பிறகு பிரிட்டன் திரும்பி, இதய நோய்க்கான ப்ரோப்ரனலால் மருந்தை உருவாக்கினார். அந்த ஒன்றே போதும் என்று அவர் நிற்கவில்லை. 1964-ல் வேறு நிறுவனத்துக்கு மாறி, வயிற்றுப் பக்கம் திரும்பினார்.

இன்னொரு பூட்டு

இரைப்பையில் அமிலம் சுரக்கத் தூண்டுவது ஹிஸ்டமின். அலர்ஜி மாத்திரைகள் அதே ஹிஸ்டமினைத்தான் தடுக்கின்றன, ஆனால் அமிலம் குறைவதில்லை. ஏன்? ஹிஸ்டமின் என்ற சாவி இரைப்பையில் வேறொரு பூட்டைத் திறக்கிறது என்று பிளாக் கணித்தார். அந்தப் பூட்டில் போய் அடைத்துக்கொள்ளும் போலிச் சாவிதான் தேவை.

சொல்வது சுலபம். முதல் நான்கு ஆண்டுகளில் குழு சுமார் 200 சேர்மங்களைச் சோதித்தும் பலன் இல்லை. 1972-ல் வெளியான புரிமமைடு கணிப்பு சரி என நிரூபித்தது, ஆனால் மாத்திரையாக விழுங்கினால் போதிய பலன் தரவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு புண்ணை ஆற்றியது. ஆனால் சிலருக்கு ரத்த வெள்ளையணுக்கள் குறைய, அதையும் கைவிட வேண்டியதாயிற்று. பிரச்சினைக்குரிய பகுதியை மாற்றி உருவாக்கியதுதான் சிமெடிடின். 1976-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபோது, பிளாக் அந்த நிறுவனத்திலேயே இல்லை. 1973-லேயே பேராசிரியராகப் போய்விட்டார்.

அப்புறம் என்ன ஆச்சு?

அல்சர் ஆபரேஷன்கள் வெகுவாகக் குறைந்தன. ரானிடிடின், ஃபமோடிடின் எல்லாம் இதே வழியில் வந்தவை. 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2010-ல் காலமானார்.

ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் பலருக்குப் புண் திரும்ப வந்தது. பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதை ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் காட்டினார்கள். அமிலத்தைக் குறைத்தால் புண் ஆறும், ஆனால் கிருமி அங்கேயே இருக்கும். அதனால்தான் அல்சர் என்றால் டாக்டர்கள் இன்று அந்தக் கிருமிக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். நெஞ்செரிச்சல் அடிக்கடி திரும்பி வந்தால், அடுத்த அட்டையை வாங்குவதற்கு முன் டாக்டரைப் பார்ப்பது நல்லது.