சங்கரதாஸ் சுவாமிகள்

நாடகக்காரனைக் கூத்தாடி என்று இகழ்ந்து ஒதுக்கிய காலம் ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது. அக்காலத்தில் நாடகமேடையை ஒழுக்கத்திற்கு உறைவிடமாக்க முற்பட்டவர் சங்கரதாஸ் சுவாமிகள். பிறரை நடத்திச் செல்ல விரும்பும் தேசத்தொண்டர்கள் அப்பெரியாரின் சரித்திரத்தை அறிதல் நன்று.

சுவாமிகள் 1867-ம் வருஷம் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, இளமையிலேயே செய்யுள் இயற்ற வல்லவரானார். உப்புப் பண்டகசாலையில் சிலகாலம் கணக்கெழுதினார். 24-ம் வயதில் அவ்வுத்தியோகத்தை விடுத்து நாடகத்திற் புகுந்தார். இரணியன், இராவணன், எமதருமன் ஆகிய வேஷங்களில் அவர் தோன்றினால் சபை நடுங்கும். சனீசுவரன் வேஷத்தில் அவரைக் கண்ட கர்ப்பிணி ஒருத்தி அச்சத்தால் பெருந்தீங்குற்றாள் என்றும், அதனால் மனம் நைந்து வேஷம் புனைவதையே அவர் துறந்தார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வேறொரு நடிகன் தன் ஆற்றலை எண்ணி இறுமாந்திருப்பான். சுவாமிகளோ அவ்வாற்றலின் விளைவுக்குத் தாமே பொறுப்பாளி என்று கருதினார். தலைவனுக்குரிய முதற் குணம் இதுவேயாம்.

துறவுக்கோலம் பூண்டு தலங்களை வலம் வந்தபின், அவர் ஆசிரியராக மேடைக்குத் திரும்பினார். நடிகர்கள் மனம்போனவாறு வசனம் பேசிய நாடகங்களுக்குப் பாட்டும் உரையும் எழுதி வரம்பு கட்டினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்கள் அவர் தந்தவை. வயதுவந்த நடிகர் பலர் கட்டுப்பாட்டுக்கு இணங்காமை கண்டு, சிறுவரைப் பயிற்றத் துணிந்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார்.

பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளுக்கு அவ்வாழ்க்கை எளிதன்று. ஆசிரியரும் கண்டிப்பு மிகுந்தவர். ஆயினும், பாடம் தவறாது ஒப்பித்தலும், பிறர் பேசும்போது தன் முறை வருமளவும் காத்திருத்தலும், இன்று அரசனாக நின்றவன் நாளை சேவகனாக நிற்க உடன்படுதலும் அங்கே பழக்கத்தில் வந்தன. இவற்றைக் கற்றவன் கூட்டத்தை அடக்குமுன் தன்னை அடக்க அறிவான்.

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் பற்றியது. நாவன்மையாற் புகழ்பெற்றவர் பேச்சிழந்தார். 1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் உயிர் நீத்தார். ஆனால் அவர் இட்ட வித்து அழியவில்லை. அவருடைய மாணாக்கராகிய டி. கே. எஸ். சகோதரர்கள் 1931-ல் தேசபக்தி என்னும் நாடகத்தை நடத்தினர். அன்னிய ஆட்சியின் அடக்குமுறைக்கிடையே பாரதியாரின் பாடல்கள் அந்நாடகத்தில் முழங்கின.

வேஷத்தைக் களைந்து, பின்னின்று பிறரை உயர்த்தியவர் சுவாமிகள். பதவி என்னும் வேஷத்தைக் களைய மனமில்லாதோர் அவரிடம் பாடங் கேட்பாராக.