நெல்லைச் சீமை தந்த நடிகர் டி.எஸ். பாலையா

இளையரசனேந்தல் முதலான கரிசற் சிற்றூர்களிலிருந்து கொட்டகைக்குச் சென்று படம் பார்த்த முன்னைத் தலைமுறையினர், டி.எஸ். பாலையாவைத் திரையிற் கண்டதும் பல்லைக் கடித்தனர். அவ்வெறுப்பே அவர் பெற்ற முதற் பரிசு என்போம்.

1914-இல் நெல்லைச் சீமையின் சுண்டன்கோட்டையிற் பிறந்த பாலையா, இளமையிலேயே நாடக மேடை ஏறினார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ (1936) அவருக்கு முதற்படம், எம்.ஜி.ஆருக்கும் அதுவே. அதில் பாலையா முதன்மை வில்லன், எம்.ஜி.ஆருக்கோ சிறு வேடம். இருபதாண்டுகள் கழித்து ‘மதுரை வீர’னில் எம்.ஜி.ஆர். நாயகர், பாலையா அப்போதும் வில்லனே! ஏணியில் உடன் கால் வைத்தவர் உச்சிக்கு ஏறியபோதும், இவர் தம் படியிலேயே நின்று அதனை அரியணையாக்கிக் கொண்டார்.

‘அம்பிகாபதி’யின் உருத்திரசேனனும், ‘தூக்குத் தூக்கி’யில் கொச்சைத் தமிழ் பேசும் சேட்டும் ஒருவரே என்பதை நம்புவது அரிது. ஆயினும், ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, இவர் வாய் திறவாது அஞ்சி நடுங்கும் காட்சியையே நாம் அவரது நகைச்சுவையின் சிகரமாகக் கருதுகிறோம். பேசுபவர் நாகேஷ், ஆனால் நம் கண்கள் அகலாதிருப்பது பாலையாவின் முகத்தை விட்டன்றோ!

மறு ஆண்டு ‘திருவிளையாட’லில் ஏமநாத பாகவதராக வந்தார். பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. எனினும், அக்குரலுக்குரிய செருக்கைப் புருவத்திலும் கழுத்தசைவிலும் ஏற்றிக் காட்டியவர் இவர். பாண்டிய நாட்டையே எள்ளி நகைத்த அப்புலவன், விறகு விற்பவனின் இசை கேட்டு நள்ளிரவில் குலைந்து போகிறான். ஆணவம் அழிவதைக் காணவந்த நாம், அவனுக்காக இரங்கி நிற்கிறோம். வில்லனுக்கு இரக்கம் தேடித் தருதல் எல்லார்க்கும் கைவரும் கலையன்று.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் தவில் முத்துராக்கு. சண்முகசுந்தரத்தின் கோபத்தையும் காதலையும் ஒருங்கே தாங்கும் மூத்த துணைவன் அவன். நாகசுரத்திற்குத் தவில் எவ்வாறோ, அவ்வாறே சிவாஜி கணேசனுக்கு ஈடுகொடுத்து நின்றார் பாலையா. அதன்பின் அவர் வாழ்ந்தது நான்கு ஆண்டுகளே. 1972 ஜூலையில், ஐம்பத்தெட்டாம் அகவை நிறையுமுன்னரே மறைந்தார்.