பால் எர்லிக்

நோயாளியின் உடலுக்குத் தீங்கின்றி நோய்க்கிருமியை மட்டும் தேடி அழிக்கும் மருந்தைக் காண முயன்ற பேரறிஞர் பால் எர்லிக் ஆவார். அவர் 1854-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள், பிரஷ்ய நாட்டுச் சைலீசியப் பகுதியில் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது.

மருத்துவம் பயின்ற காலத்திலேயே சாயப்பொருள்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ஒரு சாயம் ஒருவகை உயிரணுவிற் படிந்து மற்றொன்றிற் படியாதிருப்பது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சிக்காக 1878-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

பின்னர் அவர் சில சாயங்களை விலங்குகளின் குருதியிற் செலுத்திப் பார்த்தார். உறுப்புக்கள் பலவும் நிறம் பெற்றன. மூளை மட்டும் நிறம் மாறவில்லை. சாயத்தைப் பற்றும் இயல்பு மூளைக்கு இல்லை என்று 1885-இல் அவர் முடிவு செய்தார். ஆனால், அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரிலே செலுத்தினார். மூளை நீலநிறம் பெற்றது. ஏனைய உறுப்புக்கள் நிறம் பெறவில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையே தடை ஒன்று உண்டென்பது இதனாற் புலனாயிற்று. மூளையிலுள்ள குருதி நுண்குழாய்களின் சுவரணுக்கள் இடைவெளியின்றி நெருங்கிப் பிணைந்துள்ளன. நஞ்சைத் தடுக்கும் அம்மதில் மருந்தையும் தடுத்துவிடுகிறது.

1908-இல் எர்லிக், மெச்னிக்கோவ் என்பாருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மறு ஆண்டு, ஜப்பானிய அறிஞர் ஹாட்டா அவருடன் உழைத்து, 606 என்னும் எண்ணிட்ட பொருள் மேகநோய்க் கிருமியை அழிப்பதைக் கண்டார். 1910-இல் அது சால்வர்சான் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்து பல்லாயிரவர் துயர் தீர்த்தது. எனினும், மூளையிற் புகுந்த நோயை அம்மருந்தாலும் எளிதில் வெல்ல இயலவில்லை. 1915-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள் எர்லிக் மறைந்தார்.

அத்தடையைக் கடக்கும் முயற்சி ஓயவில்லை. குருதியில் நுண்குமிழிகளைச் செலுத்தி, செவிக்கு எட்டாத மீயொலி அலைகளை மூளையின் ஓரிடத்திற் குவித்தால், குமிழிகள் அதிர்ந்து மதிலைச் சிறிது நேரம் நெகிழச் செய்யும். 2015-இல் கனடாவின் டொராண்டோ நகர மருத்துவர்கள் இம்முறையால் மூளைக்கட்டியுற்ற ஒருவருக்குத் தடையைத் திறந்து மருந்தை உட்செலுத்தினர். மருந்தேற்றிய நுண்துகள்களை இவ்வழியே அனுப்பும் ஆராய்ச்சியும் நடைபெறுகிறது.

ஆசிரியர் கண்ட உண்மைக்கு மாணவர் சரியான காரணம் கண்டார். பின்வந்தோர் அதன்மேல் வழி அமைத்தனர். அறிவு வளரும் முறை இதுவே.